சின்க்ரோனிசாடா: பிழையின் அறிகுறியும் அதை நீக்கும் வழியும்

மெக்சிகோவில் அவசரத்துக்குச் செய்யப்படும் வீட்டுச் சிற்றுண்டிகளில் சின்க்ரோனிசாடாவுக்குத் தனி இடம் உண்டு. சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டியான மைதா டோர்ட்டியாக்கள் இரண்டின் நடுவே, பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியான ஹாமையும் உருகக்கூடிய சீஸையும் வைத்து, கோமால் என்று அங்கே அழைக்கப்படும் தட்டையான கல்லில் இரு பக்கமும் வாட்டி, முக்கோணத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறுவார்கள். காலையிலும் உண்பார்கள்; இரவில் அடுப்படியில் அதிக நேரம் நிற்க மனமில்லாத நாளிலும் உண்பார்கள். ஒரே டோர்ட்டியாவை மடித்து வாட்டினால் அது கேசடியா. இரண்டு டோர்ட்டியாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது சின்க்ரோனிசாடா.

பொருள்கள் மூன்றுதான் என்பதால் இதில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. மசாலாவோ குழம்போ வந்து குறையை மூடிவிடாது. இதில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தீயின் அளவோ பொருள்களிலிருந்து கசியும் நீரோதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் படிக்கும்போது, கல் எவ்வளவு சூடாக இருந்தது, உள்ளே வைத்த பொருள் எவ்வளவு ஈரமாக இருந்தது என்ற இரண்டையும் முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சரியான செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு 20 செ.மீ. அகலமுள்ள இரண்டு மைதா டோர்ட்டியாக்கள், மெல்லியதாக வெட்டிய ஹாம் 40 கிராம், துருவிய சீஸ் 70 கிராம் போதும். கல்லை மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் சூடாக்கி, டோர்ட்டியாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு பக்கமும் பத்து விநாடி மட்டும் காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். ஒரு டோர்ட்டியாவைக் கல்லில் வைத்துப் பாதிச் சீஸைத் தூவி, அதன் மேல் ஹாமைப் பரப்பி, மீதிச் சீஸைத் தூவி, இரண்டாவது டோர்ட்டியாவால் மூட வேண்டும். தீயைச் சற்றுக் குறைத்து மூன்று நிமிடம் வைத்து, திருப்பிப் போட்டு மேலும் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் ஆயிற்று. கோமால் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லே அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும். எண்ணெய் தேவையில்லை, வெண்ணெய் விரும்புவோர் டோர்ட்டியாவின் வெளிப்புறத்தில் மிக மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே சீஸ் உருகவில்லை

முதன்முறை செய்பவர்களுக்கு அதிகம் நேரும் கோளாறு இதுவே. மாவின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் விரைவாகச் சிவக்கத் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் சீஸ் நன்றாக இளகுவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடே போதும். ஆனால் அந்தச் சூடு கல்லிலிருந்து டோர்ட்டியாவைக் கடந்து, இடையில் அகப்பட்ட காற்றையும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஹாமின் குளிர்ச்சியையும் கடந்துதான் சீஸைச் சென்றடைய வேண்டும். தீ பெரிதாக இருந்தால், உள்ளே 60 டிகிரி எட்டுவதற்கு முன்பே வெளிப்புறம் சிவப்பைத் தாண்டிக் கருப்புக்குப் போய்விடும்.

கல்லின் சூட்டை அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாலைந்து நீர்த்துளிகளைத் தெளித்துப் பாருங்கள். துளிகள் ஆவியாகாமல் உருண்டு கல்லின் மேல் ஓடினால் சூடு மிக அதிகம். தீயை அணைத்து ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். துளி விழுந்த இடத்திலேயே மெல்லிய சத்தத்துடன் கொதித்து வற்றினால் சரியான சூடு. சத்தமே இல்லாமல் துளி அப்படியே கிடந்தால் கல் இன்னும் காயவில்லை.

சூட்டைச் சரிசெய்த பின்னும் சிக்கல் தொடர்ந்தால் மற்ற மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஹாமையும் சீஸையும் சமைப்பதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைக்கலாம். இரண்டாவது, சீஸைத் தடித்த துண்டுகளாக வைக்காமல் துருவிப் போட வேண்டும். மூன்றாவது, மூடியின் உதவியை நாடலாம். முதல் பக்கம் வேகும்போது ஒரு நிமிடம் மட்டும் மூடி வைத்தால் மேல் டோர்ட்டியாவும் சூடாகி, சீஸ் இரு பக்கமிருந்தும் உருகத் தொடங்கும். அதற்குமேல் மூடி இருந்தால் உள்ளே சேரும் நீராவி டோர்ட்டியாவை நனைத்துவிடும். ஆகவே நேரத்தில் கண்டிப்பாக இருங்கள்.

நடுவில் மட்டும் கருகி ஓரம் வெளுத்திருந்தால் குறை அடுப்பில் இருக்கிறது. சிறிய பர்னரும் சிறிய இண்டக்ஷன் அடுப்பும் கல்லின் நடுப்பகுதியையே அதிகம் சூடாக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை சின்க்ரோனிசாடாவைக் கால்வட்டம் சுழற்றி, ஓரம் நடுவுக்கு வருமாறு சற்று நகர்த்தி வைத்தால் நிறம் சமமாகப் பிடிக்கும்.

ஏற்கெனவே கருகத் தொடங்கிவிட்டதைக் காப்பாற்றவும் வழி உண்டு. தீயை முழுவதும் அணைத்து, கருகிய பக்கம் மேலே வருமாறு திருப்பி, கல்லில் மிஞ்சியிருக்கும் சூட்டிலேயே இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். சீஸ் உருகிய பிறகு, கருகிய புள்ளிகளைக் கத்தியின் முதுகால் மெதுவாகச் சுரண்டிவிடலாம்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் சீஸ் உருகவே இல்லை

இதற்குத் தீ காரணமல்ல. வாங்கிய சீஸே காரணம். மெக்சிகோவின் சீஸ்களை, கல்லில் உருகுபவை என்றும் உருகாதவை என்றும் சமையல் நோக்கில் பிரித்துக்கொள்ளலாம். பானேலா, கேசோ ஃப்ரெஸ்கோ, கோதிஹா ஆகிய மூன்றும் உருகாத வகை. பானேலாவை வாட்டினால் துண்டு துண்டாகவே நின்று, ஓரம் மட்டும் சிவக்கும். கோதிஹா முற்றிய, உப்பு மிகுந்த, உதிரும் சீஸ். மேலே தூவுவதற்கு அது அருமையானது, உள்ளே வைப்பதற்கு உதவாது. நம் கடைகளில் கிடைக்கும் பனீரும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. அமிலம் ஊற்றிக் கொதிநிலையில் திரித்த அந்தப் புரதம், சூடேறும்போது இளகாமல் மேலும் இறுகி நீரை வெளியே தள்ளுகிறது.

சீஸ் உருகுவது என்பது அதன் கொழுப்பு உருகுவது மட்டுமன்று. அதைத் தாங்கி நிற்கும் கேசின் புரதவலை தளர்ந்து வழிய வேண்டும். அந்த வலையைக் கட்டி வைத்திருப்பது கால்சியம். பால் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.2-ஐ ஒட்டி இருக்கும் சீஸில் கட்டு வேண்டிய அளவு தளர்ந்திருப்பதால், அது நீட்சியுடன் உருகுகிறது. அதிகம் புளிக்காத பானேலாவில் கால்சியக் கட்டு அப்படியே இருப்பதால் வலை தளர்வதில்லை.

சின்க்ரோனிசாடாவுக்கு உரிய சீஸ்களில் முதன்மையானது ஒஹாகா சீஸ். வெந்நீரில் பிசைந்து நீளமான பட்டையாக இழுத்து, நூல்கண்டாகச் சுற்றி விற்கப்படும் இதை ஒஹாகா மாநிலத்தில் கேசியோ என்பார்கள். இதைத் துருவக் கூடாது. நார் நாராகக் கையால் பிரித்துப் பரப்ப வேண்டும். அப்போதுதான் கடிக்கும்போது நூலாக நீளும். அடுத்தது சிவாவா சீஸ். கனடாவிலிருந்து 1922-ஆம் ஆண்டு வட மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்கு வந்து, குவாவ்தேமோக் நகரத்தைச் சுற்றிக் குடியேறிய மென்னோனைட் விவசாயிகள் செய்யத் தொடங்கியதால் அதற்கு மெனோனிதா என்ற பெயரும் உண்டு. வெண்ணெய் மணத்துடன், நீளாமல் குழைவாக உருகுவது அதன் இயல்பு. வடபகுதியின் அசாதேரோவும் நன்றாக உருகும்.

மான்செகோ வாங்கும்போது கவனம் தேவை. மெக்சிகோவில் அந்தப் பெயரில் விற்பது பசும்பாலில் செய்த மென்மையான சீஸ். அது எளிதில் உருகும். ஸ்பெயினிலிருந்து வருவதோ செம்மறியாட்டுப் பாலில் செய்து முற்றவிட்ட கெட்டிச் சீஸ். விலையும் அதிகம், கல்லில் உருகுவதும் அரைகுறையாகத்தான். இரண்டையும் ஒன்றென எண்ணி வாங்கினால் பணமும் போய்விடும், சிற்றுண்டியும் கெட்டுவிடும்.

மெக்சிகோ சீஸ் எதுவும் கிடைக்காத ஊரில், ஈரம் குறைந்த மொசரெல்லாவை ஒஹாகா சீஸுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம். இரண்டும் வெந்நீரில் இழுத்துச் செய்யப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரில் மிதக்கும் மொசரெல்லா உருண்டை வேண்டாம். மொசரெல்லாவின் சுவை சற்று வெறுமையாக இருப்பதால், மூன்று பங்குக்கு ஒரு பங்கு செடார் கலந்துகொள்வதை நான் பரிந்துரைப்பேன்.

சரியான சீஸாக இருந்தும் துருவல் துருவலாகவே நிற்கிறதா? பையில் அடைத்து விற்கும் துருவிய சீஸைப் பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அதன் மேல் மாவுச்சத்தையோ செல்லுலோஸையோ தூவியிருப்பார்கள். அந்தப் பூச்சு இழைகள் ஒன்றோடொன்று கலப்பதைத் தடுக்கிறது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவினால் இந்தக் குறை அன்றே தீர்ந்துவிடும்.

சீஸ் உருகியது, ஆனால் எண்ணெய் கசிந்து சவ்வாக இழுக்கிறது

வெட்டிய துண்டின் அடியில் மஞ்சள் எண்ணெய் தேங்கி, சீஸ் மெல்ல முடியாதபடி இறுகியிருந்தால், அது தேவைக்கு அதிகமாகச் சூடாகியிருக்கிறது என்று பொருள். உருகிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால், தளர்ந்த புரத இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்து, தமக்குள் வைத்திருந்த கொழுப்பையும் நீரையும் பிழிந்து வெளியே தள்ளும். இவ்வாறு பிரிந்த சீஸை மறுபடி குழைவாக்க முடியாது. சீஸ் இளகித் துண்டுகளின் வடிவம் மறைந்த நொடியிலேயே கல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். நிறம் போதவில்லை என்று மேலும் ஒரு நிமிடம் விட்டுவைக்கும் பழக்கமே இதற்குக் காரணம். நிறம் வேண்டுமானால் வாட்டும் தொடக்கத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றாக முற்றிய செடாரை மட்டும் வைத்தாலும் இதே விளைவு ஏற்படும், ஏனெனில் முற்ற முற்றச் சீஸின் நீர் குறைந்து புரதவலை சிதைந்திருக்கும். இளஞ்சீஸுடன் கலந்தால் கசிவு கட்டுப்படும். தாள் தாளாக வரும் மஞ்சள் பதப்படுத்திய சீஸைப் பல மெக்சிகோ வீடுகளில் குழந்தைகளுக்காகப் பயன்படுத்துகிறார்கள். அதில் சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருப்பதால் அது எளிதில் எண்ணெய் கசியாது. சுவையில் அது குறைந்தது என்றாலும், தீயைக் கட்டுப்படுத்தப் பழகும்வரை ஒரு தாளை மற்ற சீஸுடன் சேர்த்து வைப்பது நல்ல ஏற்பாடு.

டோர்ட்டியா நனைந்து தொய்ந்துபோகிறது

இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஹாம். வேகவைத்த ஹாமில் உப்புநீரைச் செலுத்திச் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். மலிவான வகைகளில் நீரும் மாவுச்சத்தும் கூடுதலாக இருக்கும். மெக்சிகோவில் 2003-ஆம் ஆண்டு வெளியான நோம்-158 என்ற அதிகாரபூர்வ விதி, கொழுப்பு நீங்கலான புரதத்தின் அளவைக் கொண்டு ஹாமை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. எக்ஸ்ட்ராஃபினோ என்ற உயர்ந்த தரத்தில் குறைந்தது 18 விழுக்காடும், ஃபினோவில் 16 விழுக்காடும், ப்ரெஃபெரென்தேயில் 14 விழுக்காடும், கொமெர்சியாலில் 12 விழுக்காடும், எகோனோமிகோ என்ற கடைசித் தரத்தில் 10 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும். புரதம் குறையக் குறைய, கல்லில் சூடானதும் வெளியேறும் நீர் அதிகமாகும். எந்த நாட்டில் வாங்கினாலும் உறையின் பின்புறம் புரத அளவையும், பொருள்களின் பட்டியலில் தண்ணீர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்து வாங்குவது நன்று. பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் வான்கோழி ஹாமைப் பயன்படுத்தலாம். மெக்சிகோவிலேயே அது பரவலாக விற்பனையாகிறது. ஆனால் அதிலும் நீர் மிகுதியாக இருக்கக்கூடும்.

ஈரமான ஹாம் மட்டுமே கிடைத்தால், காகிதத் துவாலையால் இரு பக்கமும் ஒற்றி எடுத்து, டோர்ட்டியாவை வைப்பதற்கு முன்பு அதே கல்லில் ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் வாட்டுங்கள். ஹாம் கல்லைத் தொட்டதும் அதன் ஓரத்தைச் சுற்றி நுரைத்துக்கொண்டு ஒரு வெண்ணீர் வரும். அது கொதித்து வற்றி, சத்தம் மாறி, துண்டின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு பழுப்பாகும்போது எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையால் ஈரமும் போகும், சாதாரண ஹாமுக்கும் நல்ல மணம் ஏறும். நல்ல ஹாம் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம் என்றே சொல்வேன்.

ஹாமில் குறையில்லையென்றால், கூடுதலாக உள்ளே வைத்த பொருளைச் சந்தேகியுங்கள். வினிகரில் ஊறிய ஹலப்பேனோ மிளகாயை வடிகட்டாமல் வைப்பதும், தக்காளித் துண்டுகளை உள்ளே வைப்பதும் டோர்ட்டியாவை நனைத்துவிடும். தக்காளி, வெங்காயம், செர்ரானோ மிளகாய், கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் பீகோ தே காயோ உள்ளே வைப்பதற்கு உரியதன்று. உப்பு பட்டதும் தக்காளி நீர்விடத் தொடங்கும் என்பதால் அதை வடித்து, தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மசித்து வதக்கிய பீன்ஸை உள்ளே தடவுவது அங்கே வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் கரண்டியிலிருந்து வழியாத கெட்டிப் பதத்தில், மெல்லிய பூச்சாக மட்டுமே தடவ வேண்டும்.

வாட்டும்போது மொறுமொறுவென்று இருந்து, தட்டுக்கு வந்த பிறகு நனைந்தால், காரணம் தட்டுதான். சூடான அடிப்பக்கத்திலிருந்து வெளியேறும் நீராவி தட்டில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் டோர்ட்டியாவுக்குள் ஏறும். கம்பிவலைத் தாங்கியின் மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

திருப்பும்போது சரிந்து கொட்டுகிறது

அடுக்கும் முறை தவறியிருக்கிறது. ஹாமை நேரடியாக டோர்ட்டியாவின் மேல் வைத்து, சீஸை அதன் ஒரு பக்கம் மட்டும் தூவினால், ஹாம் பக்கத்து டோர்ட்டியாவை ஒட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. ஹாமின் மேலும் கீழும் சீஸ் இருந்தால்தான் இரண்டு டோர்ட்டியாக்களும் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. இடம் விட்டுப் பரப்ப வேண்டும்; நடுவில் குவிக்கக் கூடாது. 70 கிராமுக்கு மேல் சீஸ் வைக்கும் ஆசையையும் இந்த அகலத்துக்கு அடக்கிக்கொள்வது நல்லது.

அடுக்கு சரியாக இருந்தும் சரிந்தால், சீஸ் பிடிப்பதற்கு முன்பே திருப்பியிருக்கிறீர்கள். மேல் டோர்ட்டியாவை இரண்டு விரலால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் காத்திருக்க வேண்டும். அசையாமல் அடியுடன் சேர்ந்து நகர்ந்தால் திருப்பலாம். திருப்புவதற்கு முன் தோசைத்திருப்பியின் முகத்தால் முழுப் பரப்பிலும் ஒரு முறை இதமாக அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் உருகிய சீஸ் வெளியே பிதுங்கிவிடும். அப்படியும் கைவரவில்லை என்றால், ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிக் கல்லோடு புரட்டி, தட்டிலிருந்து மறுபக்கத்தைக் கல்லுக்குச் சறுக்கிவிடலாம்.

டோர்ட்டியா வெடித்து உடைகிறது

சோள டோர்ட்டியாவைப் பயன்படுத்தியிருந்தால் அதுவே காரணம். கோதுமை மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் சோளத்தில் இல்லாததால் அது இழுவையைத் தாங்காது, விரிசல் விடும். நடு மெக்சிகோவிலும் தெற்கிலும் அன்றாடம் உண்பது சோள டோர்ட்டியாவே என்றாலும், இந்தச் சிற்றுண்டிக்கு மைதா டோர்ட்டியாதான் உரியது. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கோதுமை நன்றாக விளைந்த சொனோரா, சிவாவா, கோவாவிலா, நுவேவோ லியோன் ஆகிய வட மாநிலங்களில் வேரூன்றிய உணவு அது.

மைதா டோர்ட்டியாவே வெடித்தால், அது பழையதாக இருக்கும், அல்லது குளிர்பெட்டியிலிருந்து நேராகக் கல்லுக்கு வந்திருக்கும். குளிர்பெட்டியின் சூட்டுநிலையில் மாவுச்சத்து விரைவாக இறுகுகிறது. மீண்டும் சூடானால்தான் இளகும். முன்பு சொன்ன பத்து விநாடிச் சூடு இதற்காகத்தான். மிகவும் காய்ந்திருந்தால் ஈரக்கையால் ஒரு முறை தடவிவிட்டுச் சூடாக்கலாம்.

வீட்டிலேயே டோர்ட்டியா செய்பவர்களுக்கு அளவு இது: மைதா 250 கிராம், பன்றிக்கொழுப்போ வனஸ்பதியோ 60 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, கைபொறுக்கும் வெந்நீர் ஏறத்தாழ 125 மி.லி. கொழுப்பை மாவில் நன்றாகத் தேய்த்த பிறகே நீர் ஊற்றிப் பிசைந்து, எட்டு உருண்டைகளாக்கி, மூடி அரை மணி நேரம் விட வேண்டும். இந்த ஓய்வைத் தவிர்த்தால் மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கி, தடித்த, வெடிக்கும் டோர்ட்டியாவே கிடைக்கும். இதற்குப் பதிலாகச் சப்பாத்தியைப் பயன்படுத்தலாமா என்றால், அவசரத்துக்கு உதவும். ஆனால் தவிடும் சேர்ந்த மாவில் கொழுப்பில்லாமல் செய்த சப்பாத்தி, இரண்டாம் முறை கல்லுக்குப் போகும்போது விரைவாகக் காய்ந்துவிடும்.

அப்பளம் போல் விறைத்துவிடுகிறது

கருகலுக்கு நேர்மாறான பிழை இது. தீயை மிகவும் குறைத்து நெடுநேரம் வைத்தால், நிறம் வருவதற்குள் டோர்ட்டியாவின் ஈரம் முழுவதும் போய்விடும். மொத்தம் ஐந்து அல்லது ஆறு நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். எட்டு நிமிடத்தைத் தாண்டியும் பழுப்புப் புள்ளிகள் தோன்றவில்லையென்றால் தீயைக் கூட்டுங்கள். விறைத்துப் போனதைச் சற்றே ஈரமான துணியில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தால் ஓரளவு இளகும்.

ஓரத்தில் வழிந்த சீஸ் கல்லில் ஒட்டிக்கொள்கிறது

இதைப் பிழை என்று எண்ணி உடனே சுரண்டத் தொடங்குவதுதான் பிழை. வழிந்த சீஸ் கல்லில் பட்டதும் குமிழியிட்டுக் கொதிக்கும். அந்த நிலையில் அது இளகி இழுபடும், திருப்பியைப் பிடித்துக்கொள்ளும். சற்றுப் பொறுத்தால் நீர் வற்றி, குமிழி அடங்கி, ஓரம் பொன்னிறமான வலையாக மாறித் தானாகவே கல்லை விட்டு எழும்பும். அப்போது மெல்லிய விளிம்புள்ள திருப்பியைக் கல்லோடு படிய நுழைத்து எடுத்தால் முழுதாக வந்துவிடும். மெக்சிகோவில் இதைக் கோஸ்த்ரா என்று சொல்லி, டோர்ட்டியாவில் உணவை வைத்து மடிக்கும் டாக்கோவுக்காக வேண்டுமென்றே சீஸைக் கல்லில் உருக்கி இப்படி மொறுமொறுப்பாக்குவார்கள். பழுப்பு நிறம் கருப்பாகும் முன் எடுத்துவிட்டால் தட்டில் முதலில் தீர்ந்துபோகும் பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

கடித்தால் ஹாம் முழுதாக உருவிக்கொண்டு வருகிறது

ஹாமை முழுத் தாளாக வைக்காமல், இரண்டு விரல் அகலப் பட்டைகளாகவோ சிறு சதுரங்களாகவோ வெட்டிப் பரப்புங்கள். இடைவெளிகளில் சீஸ் இறங்கி இரு அடுக்கும் ஒட்டிக்கொள்வதால் திருப்புவதும் எளிதாகும்.

உப்புக் கரிக்கிறது

ஹாம், சீஸ், கடை டோர்ட்டியா மூன்றிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே உள்ளே உப்புத் தூவ வேண்டியதே இல்லை; வெளியே தடவும் வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கட்டும். செய்து முடித்த பிறகு கரித்தால், உப்புப் போடாமல் மசித்த அவகாடோவில் எலுமிச்சை பிழிந்து பக்கத்தில் வைத்துச் சேர்த்து உண்ணலாம். மெக்சிகோவில் கிரேமா எனப்படும் இளம்புளிப்புப் பாலேட்டுக்கும் உப்பை அடக்கும் தன்மை உண்டு. அது இல்லாத இடத்தில் கெட்டித் தயிர் உதவும்.

வெட்டும்போது சீஸ் எல்லாம் வழிந்துவிடுகிறது

கல்லிலிருந்து எடுத்த நொடியில் வெட்டாதீர்கள். ஒன்றரை நிமிடம் ஆறவிட்டால் சீஸ் சற்று இறுகி, வெட்டுமுனை சுத்தமாக இருக்கும். கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுத்தால் அடுக்குகள் நகரும். அகலமான கத்தியால் ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே இறக்க வேண்டும். பீட்சா வெட்டும் சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது. நான்காக வெட்டினால் கையில் பிடித்து உண்ண வசதி. சிறு குழந்தைகளுக்கு ஆறாக வெட்டலாம்.

பலருக்குச் செய்யும்போது முதல் தட்டு ஆறிவிடுகிறது

ஒரே கல்லில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தால் நான்காவது வரும்போது முதலாவது இறுகியிருக்கும். ஓவன் இருந்தால் அதை 95 டிகிரிக்குச் சூடாக்கி, கம்பிவலையின் மேல் முடிந்தவற்றை வைத்துக்கொண்டே வரலாம். இருபது நிமிடம்வரை கேடில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைப்பதைத் தவிருங்கள், நீராவி அனைத்தையும் நனைத்துவிடும். ஆறேழு பேருக்குமேல் என்றால், எல்லாவற்றையும் தட்டில் பரப்பி 200 டிகிரி ஓவனில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பி ஒரே நேரத்தில் செய்துவிடுவது மேல். கல்லின் மணம் சற்றுக் குறையும் என்றாலும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சூடாக உண்ண முடிகிறதே, அதற்கு ஈடில்லை.

மீந்ததை மறுநாள் சூடாக்கினால் மெல்ல முடியவில்லை

மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கியிருப்பீர்கள். அது டோர்ட்டியாவின் நீரை விரைவாக ஆவியாக்கிவிடுவதால், வெளியே எடுத்த ஓரிரு நிமிடத்திலேயே மாவு இறுகிவிடும். குறைந்த தீயில் கல்லில் வைத்து, முதல் ஒரு நிமிடம் மூடியும் பிறகு திறந்தும் இரு பக்கமும் சூடாக்கினால் புதிதாகச் செய்ததற்கு மிக நெருங்கி வரும்.

சேமிப்பதில் அலட்சியம் கூடாது. இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவு என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கொடுத்தனுப்புவதானால், முழுவதும் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த பிறகு, பனிக்கட்டிப் பையுடன் டப்பாவில் வைத்து அனுப்ப வேண்டும். திறந்த ஹாம் பாக்கெட்டை 4 டிகிரியில் வைத்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்; தொட்டால் வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு முன்கூட்டியே செய்து வைக்க விரும்புவோர், வாட்டாத சின்க்ரோனிசாடாக்களுக்கு இடையே பட்டர் காகிதம் வைத்து உறையவைக்கலாம். உண்ணும் நாளுக்கு முந்தைய இரவு அவற்றைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீங்கவிட்டு, வெளிப்புற ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, வழக்கம்போல் கல்லில் வாட்ட வேண்டும்.